இடப்பக்கம் சிவப்பு

இடது கைப் பக்கம் பச்சை எரிந்தது.

பேட்டரிப் பெட்டியின் மேல் குனிந்திருந்த பவித்ரன் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தான். படகின் மூக்கில், இரண்டு கன்னங்களிலும், சற்று முன்னால் அவன் கையால் மாட்டிய எல்.இ.டி. விளக்குகள். இடப்பக்கம் இருக்கவேண்டியது சிவப்பு. அதில் தவறு வந்துவிடக் கூடாது என்பதற்காகவே இன்றைக்கு இடது மணிக்கட்டில் சிவப்பு ஒயர் டேப்பை மூன்று சுற்று சுற்றிக்கொண்டிருந்தான். படகுக்குள் ஏறி, என்ஜினுக்கு முதுகு காட்டி, மூக்கைப் பார்த்து நின்று, டேப் சுற்றிய கையால்தான் சிவப்பு மூடி போட்ட விளக்கை எடுத்து வைத்தான். நான்கு திருகாணிகளை முடுக்கினான். ஓரத்தில் தடவிய சிலிக்கோன் இன்னும் காயவில்லை. எரிவது பச்சை.

ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பக்கத்தில் போய்ப் பார்த்தான். மூடியே பச்சைதான். வலப்பக்கம் இருப்பது சிவப்பு.

ஒயரை மாற்றிக் கொடுத்தால் விளக்கு எரியாமல் போகலாம், ஃபியூஸ் போகலாம். பிளாஸ்டிக் மூடியின் நிறம் மாறாது. பன்னிரண்டு வருடமாக குனோங் ராபாட்டில் கார்களுக்கு அலாரமும் ஸ்பீக்கரும் விளக்கும் மாட்டிக்கொண்டிருக்கிறவனுக்கு இதை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டி வந்த களைப்பு, மதியம் சாப்பிடாதது, மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வேறு நினைப்பு. அப்படித்தான் இருக்கவேண்டும். திருகாணிகளைக் கழற்றி இரண்டு விளக்குகளையும் இடம் மாற்றினான்.

“ஆச்சா தம்பி?”

படகு ஜெட்டியின் தகரக் கொட்டகையிலிருந்து பழனியப்பன் குரல் கொடுத்தார்.

“சிக்கிட் லகி அண்ணே. ஒரு பத்து நிமிசம்.”

“பத்து நிமிசம் பத்து நிமிசம்னு ரெண்டு மணி நேரமா சொல்றே. கார்ல இப்படி மாட்டுனா கஸ்டமர் ஓடிப்போயிருவான்லா.”

பவித்ரன் சிரித்தான். சிரிப்பு வரவில்லை என்றாலும் சிரித்தான்.

ஆயர் தாவாரைத் தாண்டி, ஒரு காலத்தில் ரப்பராக இருந்து இப்போது செம்பனையாகிவிட்ட தோட்டத்துக்குள் ஆறு கிலோமீட்டர் மண் ரோட்டில் வந்தால் இந்த ஜெட்டி. பத்துப் பதினைந்து பலகைகள், ஒரு கொட்டகை, அதற்கப்பால் பாக்காவ் மரங்கள் வேர்களைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நிற்கும் ஆறு. ஆற்றோடு இருபது நிமிடம் போனால் கடல். மாலை ஏழு மணிக்கு நீர் ஏறிக்கொண்டிருந்தது. சேற்று நண்டுகள் வளைக்குள் போகும் டிக் டிக் சத்தம், எங்கோ செம்பனை ஆலையிலிருந்து காற்றில் வரும் புளித்த எண்ணெய் வாடை, அதற்கு அடியில் டீசலும் அழுகிய மீனும் கலந்த இன்னொரு வாடை. அந்த இரண்டாவது வாடை படகுக்குள்ளிருந்துதான் வந்தது.

படகு சுரேனுடையது. பழனியப்பனின் தம்பி, பவித்ரனின் கூட்டாளி. பவித்ரன் கார் வேலைக்கு வருமுன் இருவரும் ஒரே ஃபேக்டரியில் நான்கு வருடம் நைட் ஷிஃப்ட் பார்த்தவர்கள். எட்டு மாதத்துக்கு முன்னால் ஆற்றுமுகத்தில் ஒரு இழுவைப்படகு இதன்மேல் ஏறியது. சுரேனை இரண்டு நாள் கழித்துப் பாக்காவ் வேர்களுக்குள்ளிருந்து எடுத்தார்கள். என்ஜின் காற்றாடி முகத்தில் பட்டிருந்ததால் சவப்பெட்டியைத் திறக்கவே இல்லை.

பிளந்த படகைப் பழனியப்பன் இழுத்து வந்து, பைபர் ஒட்டி, நீலப் பெயின்ட் அடித்திருந்தார். தம்பியின் படகிலேயே இனித் தொழிலுக்குப் போவதாக முடிவு. விளக்கு மட்டும்தான் பாக்கி. பந்தாய் ரெமிஸில் படகு வேலை பார்க்கும் சீனர் ஒருவரைக் கூப்பிடப் போவதாகப் போனில் சொன்னார். அப்போதுதான் பவித்ரன் அவசரமாகச் சொன்னான்: “எதுக்குண்ணே வேற ஆளு? நானே வாரேன்.”

அந்தச் சீனர் வந்திருந்தால் பார்த்த மாத்திரத்தில் சொல்லியிருப்பார். பழைய விளக்குகள் உடைந்துபோனாலும் அவற்றின் அடித்தட்டுகள் மூக்கில் ஒட்டிக்கொண்டிருந்தன. இடப்பக்கத்துத் தட்டில் பச்சைத் துண்டு. வலப்பக்கத்தில் சிவப்பு. பவித்ரன் இன்றைக்கு வந்து செய்த முதல் வேலை, கத்தியால் இரண்டையும் சுரண்டி எடுத்து, பழனியப்பன் கோப்பி கலக்கத் திரும்பிய நேரத்தில், ஆற்றில் போட்டதுதான்.

இருட்டில் படகைப் படகு பார்ப்பதில்லை, விளக்கைத்தான் பார்க்கிறது. ஓட்டுகிறவனுக்கு இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. எதிரே சிவப்பு தெரிந்தால் அந்தப் படகு நமக்கு இடப்பக்கமாகப் போகிறது. நாம் வலப்பக்கம் ஒதுங்கினால் போதும். இதை மாற்றி மாட்டினால், ஒதுங்குகிறவன் நேராக வந்து மேலே ஏறுவான்.

சுரேனுக்கு அவன் முதன்முதலில் விளக்கு மாட்டிய அன்றைக்குப் படகு மூக்கைக் கரைப்பக்கம் திருப்பிச் சேற்றில் ஏறிக் கிடந்தது. காருக்கு முன்னால் நின்று பானெட்டைத் திறந்து வேலை பார்த்தே பழகியவன், படகுக்கும் முன்னால், கரையில்தான் நின்றான். தன் இடது கைப் பக்கம் சிவப்பை மாட்டினான். ஓட்டுகிறவனுக்கு அது வலப்பக்கம். சுரேனுக்கும் தெரியவில்லை. செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்தவன் படகு வாங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

“ஹெட்லைட் மாட்டுறியா, இல்ல தைப்பூசத்துக்கு ரதம் ஜோடிக்கிறியாடா மச்சான்?” என்று கேட்டான். “எரியுதுலா, போதும். வா, சாப்டப் போலாம்.”

அந்த இழுவைப்படகை ஓட்டிய தெக்கோங் ஆ செங் என்கிற அறுபது வயதுக்காரர். விளக்கு தப்பாக இருந்தது என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். குடித்துவிட்டு ஓட்டி ஒரு உயிரை எடுத்தவன் செத்தவன் மேலேயே பழி போடுகிறான் என்று இந்தப் பக்கம் பேசிக்கொண்டார்கள். ஒரு நாள் விடியற்காலை, அவருடைய ஜெட்டியில் வைத்து, யாரோ அவரை அடித்துப் போட்டிருந்தார்கள். யார் என்று எல்லோருக்கும் தெரியும். பார்த்தவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. ஆ செங் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்து செத்துப்போனார்.

அவர் சொன்னதைக் கேள்விப்பட்ட இரவே பவித்ரன் போனில் தேடிப் பார்த்து, தான் மாட்டியதுதான் தப்பு என்று தெரிந்துகொண்டிருந்தான். ஒன்பது நாளும் தெரிந்துதான் இருந்தது. மனைவி தினேஸ்வரியிடம்கூடச் சொல்லவில்லை.

இப்போது ஸ்விட்சைப் போட்டான்.

இடப்பக்கம் பச்சை.

இடது மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தான். டேப் இருந்தது. அது இடது கைதான். கட்டைவிரலில் போன வாரம் வெட்டிய தழும்பும் இருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, படகின் அடியில், சேற்றுக்கும் பைபருக்கும் நடுவில், கனமான ஏதோ ஒன்று வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக உரசிக்கொண்டு போனது. அவசரமில்லாமல், நிறுத்தி நிறுத்தி, முட்டிக்காலை ஊன்றி நகர்கிற ஒருவனைப்போல. காலடியில் பலகை லேசாக மேலெழும்பி இறங்கியது.

முதலை என்று நினைத்தான். இந்த ஆற்றில் முதலை உண்டு. அந்த நினைப்பு அவனுக்கு ஆறுதலாக இருந்தது.

குனிந்து விளக்கைத் தொட்டான். எல்.இ.டி. சூடாகாது. இது சூடாக இருந்தது. நெருப்புச் சூடு இல்லை, ஈரமான சூடு. மூடியின் உள்பக்கம் ஆவி படிந்திருந்தது. பார்க்கப் பார்க்க ஆவி விலகிக் கண்ணாடிபோல் தெளிந்தது. மறுபடியும் படிந்தது. விலகியது. படிந்தது. வலப்பக்கத்து விளக்கைப் பார்த்தான். அதிலும் அப்படித்தான். ஆனால் இரண்டும் ஒரே கணக்கில் இல்லை. ஒன்று சீராக இருந்தது. மற்றது விட்டு விட்டு, திணறித் திணறி.

பேட்டரியிலிருந்து ஒயரைப் பிடுங்கினான்.

விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

ஒன்று. இரண்டு. மூன்று. எண்ணிக்கொண்டிருந்தான். ஏழில் அணைந்தன.

“என்ன தம்பி, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிறே?”

பழனியப்பன் ஜெட்டியின் விளிம்பில் வந்து நின்றிருந்தார். முப்பது வருடம் குலை வெட்டிய தோள்கள். கையில் லாரியில் குலையைக் குத்தித் தூக்கிப் போடும் இரும்புக் கம்பி. இப்போது பெரிய மீனைப் படகில் ஏற்ற அதைத்தான் வைத்திருந்தார். “எரியுதா இல்லியா? போடு பாப்போம்.”

பவித்ரன் ஒயரை மாட்டினான். கண்ணை மூடிக்கொண்டு ஸ்விட்சைத் தட்டினான்.

“ம். பாகுஸ். கீரி பக்கம் மேரா, கானான் பக்கம் ஈஜாவ். சரிதானே?”

கண்ணைத் திறந்தான். இடப்பக்கம் சிவப்பு. வலப்பக்கம் பச்சை. பின்னால் கம்பத்தின் உச்சியில் வெள்ளை. எல்லாம் அது அது இருக்கவேண்டிய இடத்தில்.

“சரிதாண்ணே,” என்றான்.

“அப்ப ஏறி உக்காரு. ஆத்து வாய் வரைக்கும் போயி பாத்துட்டு வந்துரலாம்.”

“இல்லண்ணே, இருட்டிருச்சு. வீட்ல தேடுவாங்க...”

“இருட்டுலதானேடா வெளக்க டெஸ்ட் பண்ணணும்? பகல்லயா பாப்பாங்க?”

போன் அடித்தது. தினேஸ்வரி. “கடல் பக்கம் போயிட்டு வெறுங்கையோட வந்தா கதவத் தொறக்க மாட்டேன், சொல்லிட்டேன்,” என்றாள். பின்னால் டிவி சத்தம். அந்தச் சத்தத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ள முடியுமானால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தான். “ஒரு மணி நேரத்துல கெளம்பிருவேன்,” என்றான்.

என்ஜின் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. பழனியப்பன் பின்னால் உட்கார்ந்து பிடியைப் பிடித்திருந்தார்; ஆள் தவறி விழுந்தால் என்ஜின் நின்றுபோகும்படியான சுருள் கயிற்றை மணிக்கட்டில் மாட்டியிருந்தார். பவித்ரன் நடுப் பலகையில், டூல்ஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு, அவரைப் பார்த்து உட்கார்ந்தான். மூக்குப் பக்கம் திரும்பி உட்கார அவனுக்கு மனம் வரவில்லை. பாக்காவ் மரங்கள் இருபுறமும் நகர்ந்தன. மேற்கே மிச்சமிருந்த வெளிச்சமும் வடிந்தது. கொசு, சேறு, உப்பு. என்ஜின் சத்தத்துக்குக் கீழே காதைக் கொடுத்துக் கேட்டான். தண்ணீர் படகில் அறையும் சத்தம் மட்டும்தான்.

ஆறு அகன்று, மரங்கள் விலகி, காற்று வாடை மாறியபோது பழனியப்பன் வேகத்தைக் குறைத்தார். தூரத்தில் இழுவைப்படகுகள் ஒவ்வொன்றாகக் கடலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தன.

“இங்கதான்,” என்றார். “தம்பி போன எடம்.”

பவித்ரன் தலையாட்டினான்.

“அந்தத் தெக்கோங்க அடிச்சது நான்தான். ஒனக்குத் தெரியும்.”

“அண்ணே, அதெல்லாம் எதுக்கு இப்ப...”

“இந்தக் கம்பியாலதான்.” காலடியில் கிடந்ததைப் பாதத்தால் உருட்டினார். குரல் ஏறவில்லை, கடையில் சாமான் சொல்கிற குரல். “மொத அடி முட்டியில. கீழ விழுந்தான். ரெண்டாவது கையில. மண்டையில அடிக்கணும்னு நான் நெனைக்கவே இல்ல தம்பி. ஒத்துக்கடா, ஒத்துக்கடான்னுதான் கேட்டேன். ஒத்துக்கிட்டிருந்தா விட்டிருப்பேன். அந்த ஆளு பல்லு ஒடஞ்சு வாயெல்லாம் ரத்தம். அப்பவும் ‘லம்பு சாலா, லம்பு சாலா’ன்னு ஒரே பேச்சு. வெளக்கு தப்பு. வெளக்கு தப்பு. எனக்கு வெறி வந்துருச்சு. சாகப் போறவன்கூடப் பொய் சொல்றானேன்னு.”

தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“சாகப் போறவன் எதுக்குத் தம்பி பொய் சொல்லணும்? இப்ப ராத்திரி படுத்தா அதான் கேக்குது.”

அப்போது கேட்டது. படகின் அடியில். இடப்பக்கத்திலிருந்து ஒன்று கிளம்பியது. வலப்பக்கத்திலிருந்து ஒன்று. இரண்டும் நடுவில், சரியாக அவன் உட்கார்ந்திருந்த பலகைக்குக் கீழே, ஒன்றையொன்று தாண்டிப் போயின. இங்கே சேறு இல்லை. ஆழம் மூன்று ஆள் உயரம்.

பழனியப்பனின் முகத்தில் படிந்திருந்த மங்கலான வெளிச்சம் மாறியது. அவர் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால், மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி,” என்றார். “அங்க பாரு.”

திரும்பினான். இடப்பக்கத்துத் தண்ணீர் பச்சையாக இருந்தது. வலப்பக்கத்துத் தண்ணீர் சிவப்பாக இருந்தது.

“அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சா?”

இல்லை என்று ஒரு சொல் போதும். இது ஏதோ ஒயர் கோளாறு அண்ணே, அன்றைக்குச் சரியாகத்தான் மாட்டினேன். ஒரு வரி. எட்டு மாதமாக மனத்துக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வரி. வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

“வேற ஆளக் கூப்பிடுறேன்னு சொன்னதும் ஓடி வந்தே. எதுக்குடா ஓடி வந்தே?”

“அண்ணே... எனக்குத் தெரியாமத்தான்...”

“ஒம்போது நாளு அந்த ஆளு ஆஸ்பத்திரியில கெடந்தான்.” பழனியப்பன் எழுந்து நின்றார். படகு ஆடியது. “நீ எங்கடா இருந்தே?”

பவித்ரன் எழப் பார்த்தான். கம்பி இறங்கியது.

வலி உடனே தெரியவில்லை. ஒரு சத்தம்தான் தெரிந்தது, பச்சைத் தேங்காயில் கத்தி இறங்குகிற சத்தம். பார்த்தபோது இடது உள்ளங்கை பலகையோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது. டேப்புக்கு ஒரு விரல் மேலே இரும்பு நின்றது. பிறகுதான் கத்தினான்.

“எங்க நின்னு மாட்டுனே? சொல்லு.” பழனியப்பன் அவன்மேல் முழங்காலை ஊன்றியிருந்தார். மூச்சில் கோப்பி வாடை. கண்ணிலிருந்து நீர் அவன் நெற்றியில் சொட்டியது. “எங்க நின்னேடா?”

“கரையில! கரையில நின்னு மாட்டுனேண்ணே! விட்ருங்கண்ணே!”

“கரையில,” என்றார் அவர். அதைப் புரிந்துகொள்ள முயல்கிறவரைப்போல. “கரையில நின்னு. என் தம்பிய. அந்தக் கெழவன.” ஒரு கை கம்பியை இன்னும் கீழே அழுத்தியது. மறு கை அவன் கழுத்தைத் தேடியது.

பவித்ரனின் வலது கை பைக்குள் இருந்தது. விரல்கள் தாமாகவே ஸ்குரு டிரைவரைத் தாண்டி, டேப்பைத் தாண்டி, பேட்டரி டிரில்லின் பிடியைப் பிடித்தன. நுனியில் ஆறு மில்லி பிட் இருந்தது. அடித்தட்டுக்கு ஓட்டை போட்டது. யோசிக்கவில்லை. அவர் தாடைக்குக் கீழே, தொண்டைக் குழியில் வைத்து அழுத்தினான்.

டிரில் முதலில் வேகமாகச் சுற்றியது. பிறகு சத்தம் கனத்தது. திணறியது. மறுபடி வேகமெடுத்தது. முகமெல்லாம் சூடாக நனைந்தது. பழனியப்பன் எழுந்தார். இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, ஏதோ மறந்துவிட்டு வந்தவரைப்போல பின்னால் இரண்டடி நடந்தார். வெள்ளை விளக்கின் கம்பத்தைப் பிடித்தார். கம்பம் முறிந்தது. கம்பமும் விளக்கும் அவரும் தண்ணீருக்குள் போனார்கள்.

சுருள் கயிறு பிடுங்கிக்கொண்டது. என்ஜின் நின்றது.

அமைதி.

பவித்ரன் பல்லைக் கடித்துக்கொண்டு கம்பியை அசைத்து அசைத்துப் பிடுங்கினான். கையைச் சட்டையில் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டான். பின்பக்கம் எட்டிப் பார்த்தான். குமிழிகள் வந்தன. நின்றன. நீர் மூடிக்கொண்டது.

அழுகை வருமென்று காத்திருந்தான். வரவில்லை. வந்தது வேறொன்று. வெகு நாளாகச் சுமந்த மூட்டையை இறக்கி வைத்ததுபோல ஒரு லேசு. சுரேன் இல்லை. தெக்கோங் இல்லை. பழனியப்பன் இல்லை. பழைய விளக்குகளின் துண்டுகள் ஆற்றின் அடியில். அண்ணன் குடித்திருந்தார், தம்பி செத்த இடத்தைப் பார்த்ததும் புத்தி மாறிவிட்டது, கம்பியால் குத்தினார், நான் தடுத்தேன். போலீஸிடம் கையைக் காட்டினால் போதும்.

“இனிமே தெரிஞ்சவங்க யாருமில்ல,” என்று வாய்விட்டே சொன்னான்.

இடப்பக்கம் படகின் உடம்பில் யாரோ தட்டினார்கள். ஒரு தட்டு.

வலப்பக்கம். ஒரு தட்டு.

விளக்கு. முதலில் விளக்கை அணைக்கவேண்டும். பெட்டியைத் திறந்து ஒயரைப் பிடுங்கினான். எரிந்தது. பேட்டரியையே தூக்கித் தண்ணீரில் போட்டான். எரிந்தது. ஏழு வரை எண்ணினான். பத்து. இருபது. எரிந்தது.

படகு நகர்ந்துகொண்டிருந்தது.

என்ஜின் இல்லை. துடுப்பு இல்லை. நீர் ஏறும் நேரம். படகு ஆற்றுக்குள் தள்ளப்பட வேண்டும். அது கடலைப் பார்த்துப் போனது. நேராக. யாரோ இழுத்துப் போகிற மாதிரி. வலப்பக்கம் இருட்டில் ஒரு பெரிய என்ஜினின் சத்தம் கேட்கத் தொடங்கியது.

முழங்காலில் ஊர்ந்து மூக்குக்குப் போனான். இடப்பக்கத்து விளக்கைக் கையால் பிடித்துப் பிய்க்க நினைத்தான்.

விளக்கு அங்கே இல்லை. நான்கு ஓட்டைகள் இருந்தன. சிலிக்கோன் இருந்தது. வெளிச்சம் இன்னும் கீழேயிருந்து வந்தது.

எட்டிப் பார்த்தான்.

எட்டு விரல்கள் படகின் விளிம்பைப் பிடித்திருந்தன. தொங்கிக்கொண்டிருந்தவனின் கழுத்துக்குக் கீழே தண்ணீர். மூக்கு இல்லை. ஒரு கன்னம் இல்லை. அந்த வாயில், கடைவாய்ப் பற்களுக்கு நடுவே, விளக்கு கவ்வப்பட்டிருந்தது. பச்சை வெளிச்சம் பல் இடுக்குகள் வழியே கோடு கோடாக வந்தது. கிழிந்த கன்னம் மூச்சுக்கு மூச்சு பச்சையாக உப்பி அமுங்கியது.

சுரேன் அவனைப் பார்க்கவில்லை. நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான்.

வலப்பக்கம் திரும்பினான். திரும்பியிருக்கக் கூடாது. நரைத்த தலை. ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது, மிதிபட்ட தகர டப்பாவைப்போல. உடைந்த பற்களால் சிவப்பை அழுத்திப் பிடிக்க முடியவில்லை. அது நழுவ நழுவக் கிழவர் மறுபடி மறுபடி கவ்வினார். அந்தச் சத்தம். ஈரமாக. பொறுமையாக.

கத்தினான். கையை ஆட்டினான். ரத்தம் தெறித்தது.

இழுவைப்படகின் மூக்கு இருட்டிலிருந்து கறுப்பாக எழுந்தது. அதை ஓட்டுகிறவன் இப்போது சிவப்பைத்தான் பார்க்கிறான். இந்தப் படகு இடப்பக்கமாகப் போகிறது என்று நினைக்கிறான். ஒதுங்குகிறான். முறைப்படி. வலப்பக்கம்.

இவர்கள் மேல்.

அப்போது பின்னாலிருந்து வெளிச்சம் வந்தது.

வெள்ளை.

தண்ணீருக்கு அடியில் தொடங்கி, மெல்ல மேலே ஏறி, படகின் பின்கட்டையைத் தாண்டி வந்தது. குலை வெட்டிய அகன்ற கைகள் இரண்டு பலகையைப் பிடித்தன. பழனியப்பன் ஏறினார். வாய் நிறைய விளக்கு. மூடிய உதடுகளின் ஓரத்தில் வெள்ளை கசிந்தது. தொண்டையில் பவித்ரன் போட்ட துளை வழியாக, ஆறு மில்லி அகலத்தில், ஊசிபோல ஒரு வெளிச்சக் கோடு நீண்டு, பலகைகளின் மேல் தேடித் தேடி ஊர்ந்து வந்தது. அவன் காலைத் தொட்டது. மார்பில் ஏறியது. கழுத்துக் குழிக்கு வந்ததும் அங்கேயே நின்றது.